பழைய கொலை மர்மப் படத்தை வீட்ல கூட்டமா உக்காந்து பார்க்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூணு வருஷமா மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்க வீட்டு ஹால்ல பழைய கொலைப் படம் ஓடுது. சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, தம்பியோட காலேஜ் பசங்கன்னு ஏழெட்டு பேர் வருவாங்க. மொதல் மூணு மாசம் சுத்தமா சொதப்பல். ஒரு மாசம் பெரியப்பா டைட்டில் ஓடும்போதே கொலைகாரனைக் காட்டிக் குடுத்துட்டார். அடுத்த மாசம் எங்கயோ இருபது நிமிஷம் வெட்டுன காப்பியைப் போட்டு முடிவு யாருக்கும் புரியல. மூணாவது மாசம் பாதி பேர் போனை நோண்டிட்டு இருந்தாங்க, மீதி பேர் தூங்கிட்டாங்க.

பசங்களுக்கு பழைய படம் பிடிக்கலன்னு தான் அப்ப நினைச்சேன். நாலாவது மாசம் சும்மா ஒரு விளையாட்டுக்கு, கொலைகாரன் யாருன்னு சீட்டுல எழுதி மடிச்சு டப்பால போடுங்கன்னு சொன்னேன், அன்னைக்கு கடைசி கால் மணி நேரம் ஒருத்தரும் பாத்ரூம் கூட போகல. அதே பசங்க, அதே கறுப்பு வெள்ளை. எழுதிக் குடுத்துட்டா மனசு அதுலயே கிடக்கும், அவ்ளோதான் விஷயம்.

அந்த சீட்டு வேலை செய்யணும்னா அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நிறைய இருக்கு, வரிசை மாத்துனா கெட்டுப்போகுது. அதை வரிசையா எழுதியிருக்கேன். எந்தப் படத்தோட முடிவும் இதுல இல்ல, தைரியமா படிங்க.

1. முன்கூட்டியே ரெடியா இருக்க வேண்டியது

ஆள் கணக்கு தான் மொதல்ல. அஞ்சு பேருக்குக் கீழ இருந்தா எல்லாரும் ஒரே பேரை எழுதிடறாங்க, சண்டை வராது, சண்டை வராட்டி சுவாரசியம் இல்ல. பத்து பேரைத் தாண்டுனா ஹால்ல எப்பவும் யாராவது குசுகுசுன்னு பேசிட்டே இருப்பாங்க. ஆறுல இருந்து ஒம்பது வரைக்கும் சரியா இருக்கு.

அப்புறம் ஆளுக்கு ஒரு பேனா, கையகல சீட்டு, மூடி போட்ட ஒரு டப்பா (நாங்க காலி ஹார்லிக்ஸ் பாட்டில் வச்சிருக்கோம்), ஒரு பழைய நோட்டு. பேனாவை அன்னைக்கு சாயங்காலமே எழுதுதான்னு பார்த்து வைங்க. சீட்டு எழுதற நேரத்துல பேனா தேடி எந்திரிச்சா அந்த மூடு போயிடும், இது எனக்கு ரெண்டு தடவ நடந்துருக்கு.

2. எந்தப் படத்துல ஆரம்பிக்கறது

புதுசா பண்றவங்க செய்யற மொதல் தப்பு, கொலை இருக்கற படம் எல்லாம் ஒண்ணுன்னு நினைக்கறது. ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு, யார் பண்ணாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லாத படம். இன்னொண்ணு, நமக்குத் தெரியும் ஆனா படத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாது, எப்ப மாட்டுவாங்கன்னு நாம நகம் கடிச்சுட்டு இருக்கணும். சீட்டு போடறது மொத ஜாதிக்கு மட்டும் தான். 1978ல வந்த சிகப்பு ரோஜாக்கள் மாதிரி படத்துக்கு சீட்டு குடுத்தா எல்லாரும் சிரிப்பாங்க. சின்னப் பசங்க இருந்தா அதை அன்னைக்கு எடுக்கவே வேணாம்.

என் வரிசை இது. மொதல்ல அந்த நாள், 1954, எஸ். பாலசந்தர் டைரக்ஷன். ஒரு பாட்டு கிடையாது, டான்ஸ் கிடையாது, சண்டை கிடையாது, ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல போகும். பழைய படம்னாலே பதினஞ்சு பாட்டு இருக்கும்னு பயப்படற பசங்களை உக்கார வைக்க இதை விட்டா வேற வழி இல்ல. மொத காட்சியிலயே துப்பாக்கி வெடிக்குது, சிவாஜி செத்து விழறாரு, அதுக்கப்புறம் வீட்ல இருக்கறவங்க, பக்கத்து வீட்டுக்காரர்னு ஒவ்வொருத்தரா விசாரணை. சந்தேகப்படற ஆளுங்க கணக்கா இருக்காங்க, அதனால சீட்டு எழுத கை தானா வரும்.

ரெண்டாவது அதே கண்கள், 1967, ஏ.சி. திருலோகசந்தர். கலர் படம், முகமூடி போட்ட ஆள், இசையமைப்பாளர் வேதாவோட பாட்டு, காமெடி எல்லாம் உண்டு. மொதல்லயே இதைப் போட்டுட்டா அந்த நாள் சப்புன்னு தெரியும், அதனால தான் ரெண்டாவது. மூணாவது புதிய பறவை, 1964. இது யார் பண்ணாங்கற கேள்வியே வேற மாதிரி வரும், அதனால மொத ரெண்டும் பார்த்துப் பழகின கூட்டத்துக்கு தான் போடணும். இதோட கதையை ஒரு வரி கூட சொல்லாதீங்க, டிவிடி பின்னட்டையில போட்டிருக்கற அந்த ரெண்டு வரியே பாதி படத்தைக் கெடுத்துடும். நாலாவது நடு இரவில், 1970ல ரிலீஸ், அதுவும் பாலசந்தர் தான். தனியா கிடக்கற ஒரு பங்களாவுல சொந்தக்காரங்க கூடி, ஒவ்வொருத்தரா சாகறாங்க. ஆள் அதிகம், பேர் குழம்பும், அதனால கடைசியில.

இந்த நாலும் முடிஞ்சாச்சுன்னா ஒரு மாசம் சீட்டு இல்லாம பொம்மை போடுங்க, 1964, அதே பாலசந்தர். பொம்மைக்குள்ள வெடிகுண்டு இருக்குன்னு நமக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சுடும், அந்த பொம்மை கை மாறி கை மாறிப் போகும், அதான் படம். ரெண்டு ஜாதிக்கும் என்ன வித்தியாசம்னு விளக்கம் குடுக்கவே வேணாம், பார்த்தவங்களே சொல்லுவாங்க.

3. காப்பி முழுசா இருக்கான்னு பார்க்கறது

இந்த ஸ்டெப்பை விட்டுட்டு தான் ரெண்டாவது மாசம் நான் அசிங்கப்பட்டேன். இன்டர்நெட்ல கிடைக்கற பழைய படம் நிறைய டிவிக்காக வெட்டுனது. மத்த படத்துல பத்து நிமிஷம் போனா தெரியாது. கொலைப் படத்துல அந்தப் பத்து நிமிஷத்துல தான் ஒருத்தன் கதவைத் திறந்து வச்சிருப்பான்.

செக் பண்ண ஒரு சுலபமான வழி இருக்கு. படத்தோட ஆரம்பத்துல சென்சார் சர்டிபிகேட் காட்டுவாங்க, அதுல படத்தோட நீளம் அடியிலயோ மீட்டர்லயோ போட்டிருக்கும். 35 எம்எம் ஃபிலிம் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், மீட்டர்ல சொன்னா 27.4. அடியை 90ஆல வகுத்தா நிமிஷம் வந்துடும். 13,500 அடின்னு இருந்தா 150 நிமிஷம். உங்க காப்பி 128 நிமிஷம் தான் ஓடுதுன்னா எங்கயோ கத்தரி விழுந்திருக்கு, வேற காப்பி தேடுங்க.

ஒரு எச்சரிக்கை. 150க்கு 144 நிமிஷம் வந்தா பதற வேணாம். சினிமா செகண்டுக்கு 24 ஃபிரேம், நம்ம ஊர் டிவி சிஸ்டத்துக்கு மாத்தும்போது 25 ஆக்கி ஓட்டுவாங்க, அதனால நூத்துக்கு நாலு நிமிஷம் தானா சுருங்கும். குரல் கொஞ்சூண்டு கீச்சுன்னு இருக்கும், அவ்ளோதான், எதுவும் வெட்டலை.

சர்டிபிகேட்டே இல்லாத காப்பியும் வரும். அப்ப அதே படத்துல ரெண்டு மூணு காப்பி தேடி, இருக்கறதுலயே நீளமானதை எடுத்துக்கோங்க. தேடும்போது கமென்ட் பக்கம் கண்ணைக் கொண்டு போகாதீங்க, மொத கமென்ட்டே கொலைகாரன் பேரா இருக்கும். சில காப்பிக்கு முகப்புல வச்சிருக்கற சின்னப் படத்தையே (தம்ப்நெயில்) பார்க்கக் கூடாது, கிளைமாக்ஸ்ல கையில கத்தியோட இருக்கற மூஞ்சியைப் பெருசா போட்டு வச்சிருக்கான் புண்ணியவான்.

4. நீங்க மட்டும் ஒரு தடவ தனியா பார்த்துடுங்க

நடத்தறவருக்கு இந்த நஷ்டம் உண்டு, ஒத்துக்கத் தான் வேணும். நீங்களும் கூட்டத்தோட புதுசா பார்க்கலாம்னு ஆசைப்பட்டா சீட்டு எப்ப வாங்கறதுன்னு தெரியாது. நாங்க ரெண்டு பேர் மாத்தி மாத்தி நடத்தறோம், ஒரு மாசம் நான், ஒரு மாசம் எதிர் வீட்டு அக்கா, அதனால வருஷத்துல பாதியாவது எனக்கு மர்மம் மிச்சம்.

தனியா பார்க்கும்போது நாலு நேரத்தை நோட்டுல குறிச்சுக்கோங்க. இடைவேளை எத்தனாவது நிமிஷம். முடிச்சு அவிழ ஆரம்பிக்கற நிமிஷம், அதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி தான் சீட்டு. கொலைகாரன் மொத தடவ படத்துல வர்ற நிமிஷம். செத்தவர் கடைசியா பேசற நிமிஷம். பின்னாடி ரெண்டு எதுக்குன்னு பதினொண்ணாவது ஸ்டெப்ல வருது.

5. டிவியும் சவுண்டும்

1950, 60கள்ல வந்த பெரும்பாலான படம் கிட்டத்தட்ட 4:3 அளவுல எடுத்தது, அதாவது ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரணும். ஹால் நிறைய தெரியட்டும்னு ஜூம் பண்ணிடாதீங்க, மேலயும் கீழயும் வெட்டுப்படும். பாலசந்தர் மாதிரி ஆளுங்க தரையில விழற நிழலையும் மாடிப்படி மேல நிக்கற காலையும் வச்சே சீன் நடத்துவாங்க, ஜூம் பண்ணா அந்தக் காலே போயிடும். இழுத்து விட்டாலும் தப்பு, எல்லாரும் குண்டா தெரிவாங்க. செட்டிங்ல 4:3 இல்லன்னா ஒரிஜினல்னு இருக்கும், அதை வைங்க.

மோஷன் ஸ்மூத்திங்கை ஆஃப் பண்ணுங்க, அது இருந்தா சினிமா சீரியல் மாதிரி வழுக்கும். கலர் பளபளப்பா காட்டற மோடும் வேணாம். வெளிச்சத்தை மட்டும் ஒரு புள்ளி ஏத்துங்க, ஏன்னா பழைய பிரிண்ட்ல ராத்திரி சீன் தார் மாதிரி இருக்கும். ஒரு ராத்திரி சீனை ஓட்டி, இருட்டுல நிக்கற ஆளோட வேட்டியா பேன்ட்டான்னு தெரியற வரைக்கும் சரி பண்ணுங்க.

சவுண்டு தான் பெரிய தலைவலி. பழைய படம் மோனோ சவுண்டு, இரைச்சல் வேற. டிவி ஸ்பீக்கர்ல வசனம் உள்ள போயிடும். பேஸ் குறைச்சு, சின்னதா ஒரு ஸ்பீக்கரை டிவிக்கு நேர் கீழ வச்சா போதும். கூட்டத்துல காது கொஞ்சம் மந்தமான பெரியவங்க இருப்பாங்க, அவங்களை ஸ்பீக்கர் பக்கத்துல உக்கார வைங்க, இல்லன்னா ஒவ்வொரு வசனத்துக்கும் "என்ன சொன்னான், என்ன சொன்னான்"னு பக்கத்துல இருக்கறவர் மாட்டுவார்.

விளம்பரம் வர்ற இடத்துல இருந்து ஓட்டாதீங்க. கத்தி இறங்கற நேரம் பார்த்து சோப்பு விளம்பரம் வரும்.

6. முன்னாடியே பார்த்தவங்களை என்ன பண்றது

பழைய படம்னா இந்தப் பிரச்சனை கண்டிப்பா உண்டு, புதுப் படத்துல கிடையாது. ஹால்ல இருக்கற பெரியவங்கள்ல ரெண்டு பேராவது அதை டூரிங் டாக்கீஸ்ல பெஞ்சு டிக்கெட்ல பார்த்திருப்பாங்க. சின்னவங்களை அதட்டலாம். பெரியப்பாவை எப்படி அதட்டறது?

அவர் கெடுக்கணும்னு சொல்றதில்ல. ஐம்பது வருஷம் முன்னாடி பார்த்த சந்தோஷம் அப்படியே வாய்ல வந்துடுது. "பேசாதீங்க பெரியப்பா"ன்னா முகம் வாடிடும், அடுத்த மாசம் வர மாட்டார். நான் செஞ்சது, அவருக்கு ஒரு பதவி குடுத்தேன். ஜட்ஜ். சீட்டு எல்லாத்தையும் அவர் கிட்ட தான் குடுக்கணும், பிரிச்சுப் படிக்கறதும் மார்க் போடறதும் அவர் தான், ஜட்ஜ் தீர்ப்புக்கு முன்னாடி வாய் திறக்கக் கூடாது. அன்னைல இருந்து மனுஷன் உதட்டை இறுக்கி மூடிட்டு உக்காந்திருக்கார், யாராவது சரியா சொல்லிட்டா புருவம் மட்டும் ஆடும். அதனால ஜட்ஜை எப்பவும் கடைசி வரிசையில உக்கார வைங்க. மூஞ்சி தெரிஞ்சா பசங்க அதை வச்சே கண்டுபிடிச்சிடறாங்க, கில்லாடிங்க.

ரெண்டு பேருக்கு மேல பார்த்திருந்தா மத்தவங்களுக்கு டீ, இடைவேளை மணி, கணக்கு எழுதறதுன்னு வேலையைப் பிரிச்சு விடுங்க. கை சும்மா இருந்தா வாய் வேலை செய்யும்.

என்ன படம்னு முன்னாடியே சொல்லாதீங்க. சொன்னா யாராவது நெட்ல தேடுவாங்க, நடிகர் பட்டியல்லயே பேருக்கு எதிர்ல கொலைகாரன்னு போட்டிருப்பான். முடிவை வெளிய சொல்லாதீங்கன்னு கேக்கறது நாம கண்டுபிடிச்ச பழக்கமும் இல்ல. விட்னஸ் ஃபார் த பிராசிக்யூஷன்னு 1957ல வந்த அமெரிக்கப் படத்தோட முடிவுலயே, இதைப் பார்க்காதவங்க கிட்ட சொல்லிடாதீங்கன்னு ஒரு குரல் கேட்டுக்கும்.

7. பிளே அமுக்கறதுக்கு முன்னாடி ரெண்டே நிமிஷம்

இங்க தான் நிறைய பேர் இருபது நிமிஷம் லெக்சர் குடுத்து ஆளைத் தூங்க வைக்கறாங்க. டைரக்டர் யார், எந்தப் படத்தோட தாக்கம் எல்லாம் இப்ப வேணாம். கதை நடக்கற காலத்துல எது இருந்துச்சு எது இல்லங்கறது மட்டும் சொல்லுங்க. செல்போன் இல்ல. சிசிடிவி இல்ல. வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலே பணக்காரன். வெளியூர் பேசணும்னா டிரங்க் கால் புக் பண்ணிட்டு காத்துக் கிடக்கணும். டிஎன்ஏ டெஸ்ட் கிடையாது, அது கொலைக் கேசுல மொத தடவ வந்ததே 1980கள்ல, இங்கிலாந்துல. ஆனா கைரேகை உண்டு, கல்கத்தாவுல 1897லயே அதுக்குன்னு ஆபீஸ் போட்டாச்சு.

இதைச் சொல்லலைன்னா நடுவுல ஒரு பையன் "ஒரு கால் பண்ணி கேட்டா முடிஞ்சு போச்சே"ன்னு சொல்லுவான், எல்லாரும் சிரிப்பாங்க, சீன் போயிடும். சொல்லிட்டீங்கன்னா அதே பையன் அந்த ஒத்தை டெலிபோன் கிட்ட யார் போறாங்க யார் வர்றாங்கன்னு கண்ணு கொட்டாம பார்ப்பான். பழைய படத்துல இருக்கற வசதி அதான். ஆள் ஓடிப் போய் சொல்லணும், கடிதாசு எழுதணும், கதவைத் தட்டணும், எல்லாமே நம்ம கண்ணு முன்னாடி நடக்கணும்.

படத்துக்குன்னு தனியா ஏதாவது தெரியணும்னா ஒரு வரி. அந்த நாளுக்கு நான் சொல்றது: 1943 அக்டோபர்ல மெட்ராஸ் மேல ஜப்பான் விமானம் குண்டு போட்டுச்சு, யுத்த பயத்துல ஊரே நடுங்கிட்டிருந்த காலம், கதை அந்த சமயத்துல நடக்குது. அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னாலும் துப்பு குடுத்த மாதிரி ஆயிடும்.

8. படம் ஓடும்போது

லேட்டா வர்றவங்களை உள்ள விடாதீங்க, சொந்த மாமாவா இருந்தாலும் சரி. 1960ல சைக்கோங்கற அமெரிக்கப் படம் வந்தப்ப, படம் ஆரம்பிச்ச பிறகு யாருக்கும் அனுமதி இல்லன்னு அதோட டைரக்டர் ஹிட்ச்காக் தியேட்டர்லயே ரூல் போட்டார். லேட்டா வந்தவருக்கு பக்கத்துல இருக்கறவர் கதை சொல்லணும், சொல்றவரும் கேக்கறவரும் ரெண்டு பேருமே அந்த சீனை விட்டுடுவாங்க. நாங்க எட்டு மணின்னா எட்டு மணி, அதுக்கப்புறம் வந்தா இடைவேளை வரைக்கும் சமையல்கட்டுல உக்காந்து டீ போட்டுட்டு இருக்க வேண்டியது தான்.

போன் எல்லாம் ஒரு தட்டுல வச்சுடுங்க.

சாப்பாடு விஷயத்துல என் பேச்சைக் கேளுங்க, முறுக்கு வேணாம். மிக்சர், சீடை, பொட்டலத்துல வர்ற சிப்ஸ் எதுவும் வேணாம். மோனோ சவுண்டுல குசுகுசுன்னு பேசற வசனத்துக்கு நடுவுல ஒம்பது பேர் முறுக்கு கடிச்சா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. சுண்டல், கேசரி, இட்லி, இப்படி சத்தம் வராதது.

பாட்டை ஓட்டி விடாதீங்க. பசங்க கெஞ்சுவாங்க, விடாதீங்க. புதிய பறவையில "பார்த்த ஞாபகம் இல்லையோ" பாட்டு ரெண்டு தடவ வரும், ரெண்டாவது தடவ வரும்போது மொத தடவ எங்க எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கணும், மொதல்ல ஓட்டி விட்டவங்க அங்க தலையைச் சொறிவாங்க. காமெடியும் அப்படித்தான். நாம அசந்து சிரிக்கற நேரம் பார்த்து ஒரு வேலைக்காரன் ஏதோ ஒண்ணைச் சொல்லிட்டுப் போவான், சாட்சியே அவனா கூட இருக்கலாம்.

பிளாஷ்பேக் வந்தா புதுசா பார்க்கறவங்க அது அப்படியே நடந்ததுன்னு நம்பிடறாங்க. கோர்ட்டுல வாக்குமூலம் குடுக்கற மாதிரி தான் அது, சொல்றவர் தனக்கு ஏத்த மாதிரி சொல்லலாம். அந்த நாள்ல ஒவ்வொருத்தரும் இன்னொருத்தரைக் கை காட்டி ஒரு கதை சொல்லுவாங்க, அதுல சுட்ட சீனும் திரும்பத் திரும்ப வரும். "இதான் பார்த்துட்டோமே, ஓட்டு"ன்னு சத்தம் வரும். ஓட்டாதீங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறியிருக்கும், படமே அதுல தான் இருக்கு.

குறிப்பு எழுத ஆசைப்படறவங்களை எழுத விடுங்க, ஆனா பேர் மட்டும் போதும். பேரும், எதிர்ல "செத்தவருக்கு என்ன உறவு"ன்னும். ஒரு பையன் மொத மாசம் முழு நோட்டு எழுதினான், குனிஞ்சு எழுதினப்ப எல்லாம் துப்பு போயிடுச்சு.

9. இடைவேளை

படத்துல இடைவேளைன்னு எந்த இடத்துல போடறாங்களோ அங்கயே நிறுத்துங்க, டீ ஆறிடும்னு முன்னாடியே நிறுத்தாதீங்க. அந்த இடத்தை அவங்க யோசிச்சு வச்சிருக்காங்க, மனசுல ஒரு கேள்வியோட வெளிய அனுப்பறதுக்கு. பத்து நிமிஷம், அதுக்கு மேல வேணாம்.

இந்தப் பத்து நிமிஷம் பேச விடணும். வாய் விட்டுப் பேசட்டும், அவன் தான் இவள் தான்னு. நடத்தறவர் மட்டும் எதுக்கும் தலையாட்டக் கூடாது. "அப்படியா, ஏன் சொல்றே?" இது ஒண்ணு தான் நீங்க பேசலாம். தப்பா சொல்றவங்களுக்கும் சரியா சொல்றவங்களுக்கும் ஒரே மாதிரி கேக்கணும், நான் ஒரு தடவ சரியா சொன்ன சித்தியைப் பார்த்து லேசா சிரிச்சுட்டேன், அடுத்த நிமிஷம் எட்டு பேரும் சித்தி கட்சி.

10. சீட்டு

முடிச்சு அவிழறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி நிறுத்துங்க. அதுக்கு முன்னாடி வாங்குனா துப்பு முழுசா வந்திருக்காது, அநியாயம். பின்னாடி வாங்குனா எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க, மதிப்பில்ல. மூணு நிமிஷம் டைம். பேசக் கூடாது, பக்கத்து சீட்டைப் பார்க்கக் கூடாது.

சீட்டுல ரெண்டு விஷயம் எழுதணும். பேர், அப்புறம் காரணம். பேருக்கு ரெண்டு மார்க், காரணத்துக்கு எட்டு மார்க். இது ரொம்ப முக்கியம், ஏன்னா காரணம் கேக்கலைன்னா புதுசா வந்தவங்க எல்லாரும் நடிகரைப் பார்த்து எழுதுவாங்க. வழக்கமா வில்லனா வர்ற நம்பியார் வந்தா நம்பியார், அசோகன் வந்தா அசோகன். இப்படி நினைப்பாங்கன்னு அந்தக் காலத்து டைரக்டருக்கும் தெரியும், அதை வச்சே விளையாடுவார். "மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது"ன்னு எழுதுனா எங்க ஜட்ஜ் சைபர் போடுவார், பேர் சரியா இருந்தாலும்.

காரணம்னா படத்துல பார்த்த ஒரு பொருள், ஒரு வசனம், ஒரு நேரம், ஏதாவது ஒண்ணு இருக்கணும். "மாடியில லைட் எரிஞ்சப்ப அவர் கீழ இருந்தேன்னு சொன்னார்", இப்படி. பேர் தப்பா போனாலும் நல்ல காரணத்துக்கு அஞ்சு மார்க் வரைக்கும் குடுக்கலாம். எங்க வீட்ல அதிகமா ஜெயிச்சிருக்கறது கீழ் வீட்டுப் பாட்டி, ஒரு தடவ கூட பேர் சரியா எழுதுனதில்ல. பேர் ஞாபகம் இல்லாம "கண்ணாடிக்காரன்"னு எழுதுவாங்க. ஆனா அலமாரி சாவி யார் இடுப்புல இருந்துச்சுன்னு கேட்டா டக்குனு சொல்லுவாங்க.

எழுதத் தெரியாத குழந்தைங்களும் எழுத விரும்பாத பெரியவங்களும் ஜட்ஜ் காதுல சொல்லட்டும். யாரும் விட்டுப் போகக் கூடாது, சீட்டு போடாதவர் அப்புறம் "நான் அப்பவே நினைச்சேன்"னு சொல்லுவார், ஊர்ல எல்லாரும் அப்பவே நினைச்சவங்க தான்.

11. முடிவுக்கு அப்புறம் கால் மணி நேரம்

படம் முடிஞ்சதும் லைட் போட்டுடாதீங்க. புதுசா நடத்தறவங்க இங்க சீட்டைப் பிரிச்சு, கை தட்டி, அனுப்பிடறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஸ்டெப் இதுக்கப்புறம் தான்.

நாலாவது ஸ்டெப்ல குறிச்சு வச்ச ரெண்டு நிமிஷத்துக்குப் போங்க. கொலைகாரன் மொதல்ல வர்ற சீன், செத்தவர் கடைசியா பேசற சீன். ரெண்டையும் ஓட்டுங்க. இப்ப எல்லாருக்கும் தெரியும், அதனால சீனே வேற மாதிரி தெரியும். அன்பா பேசுன வசனம் மிரட்டலா கேக்கும். சும்மா ஜன்னலைச் சாத்துனாங்கன்னு நினைச்சது சும்மா இல்லன்னு தெரியும். ஹால்ல "அடப்பாவி"ன்னு ஒரு சத்தம் வரும், பெரும்பாலும் ரெண்டு மூணு இடத்துல இருந்து ஒரே நேரத்துல.

இதோட ஒரு கேள்வி கேளுங்க: நம்மளை நியாயமா ஏமாத்துனாங்களா? அதாவது துப்பைக் கண்ணு முன்னாடி வச்சுட்டு வேற பக்கம் பார்க்க வச்சாங்களா, இல்ல துப்பே காட்டாம கடைசியில எங்கயோ இருந்து ஒருத்தனைக் கொண்டு வந்து நிறுத்துனாங்களா. எல்லா பழைய படமும் இதுல பாஸ் ஆகாது, நான் பார்த்ததுல பாதிக்கு மேல திருட்டுத்தனம் பண்ணுது, கடைசி ரீல்ல திடீர்னு ஒரு இரட்டைப் பிறவி வரும். அப்படிப்பட்ட படத்தையும் மாசம் தப்பி ஒண்ணு போடுங்க, திட்டறதுக்குன்னு. அந்த ராத்திரி தான் பேச்சு நீளமா போகும்.

சீட்டைப் படிக்கறது இதுக்கெல்லாம் அப்புறம். முன்னாடியே படிச்சுட்டா தோத்தவங்க கெளம்பிடுவாங்க.

12. நோட்டுல எழுதி வைக்கறது

தேதி, படம், எத்தனை பேர், யார் யார் பேரை எழுதுனாங்க, எத்தனை பேர் சரி. நாலஞ்சு மாசம் போனா உங்க கூட்டத்தோட புத்தி எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சுடும். எங்க நோட்டைப் பார்த்தா, கூட்டம் ரொம்ப நல்லவங்களா வர்றவங்களைத் தான் எப்பவும் சந்தேகப்படுது, அதனால இப்ப நான் தேடறது நல்லவர் நிஜமாவே நல்லவரா இருக்கற படம். அடுத்த சனிக்கிழமைக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு, 139 நிமிஷம், சர்டிபிகேட்டோட. பேர் கேக்காதீங்க, பெரியப்பாவுக்கே இன்னும் சொல்லல.